கல்வியும் ஒற்றும்

ஏரி நீர் வற்றத் தொடங்கும் நாட்களில் மேல்மலையனூர்ப் பக்கத்துக் கழனி வரப்புகளில் கொண்டலாத்திப் பறவை தனித்து நடைபோடுவதை நம் பிள்ளைகள் கண்டிருப்பர். விசிறிபோல் விரியும் கொண்டை, இறக்கையில் கறுப்பும் வெள்ளையுமான பட்டைகள், மண்ணைக் கிளறிப் புழு தேடும் நீண்ட அலகு. இதுவே திருமறை கூறும் ஹுத்ஹுத் என்று மக்தபில் சொன்னால், அதுவரை ஓதலில் மனம் பற்றாத சிறுவனும் நிமிர்ந்து உட்காருவான். நம் வரப்பில் நடக்கும் பறவை ஒரு நபியின் அவையிலும் நின்றது என்பதை அறியும்போது எவருக்குத்தான் வியப்பு எழாது?

அன்னம்ல் அத்தியாயத்தில் வரும் அந்த வரலாறு நம் வாசகர்கள் அறிந்ததே. சுலைமான் (அலை) தம் படையைப் பார்வையிடுகிறார், ஹுத்ஹுத்தைக் காணவில்லை. தக்க காரணம் கூறாவிடில் தண்டிப்பேன் என்கிறார். சற்று நேரத்தில் அது வந்து, ஸபஃ நாட்டைப் பற்றியும், அதனை ஆளும் அரசியைப் பற்றியும், அவர்கள் வணங்குவதைப் பற்றியும் தான் கண்டதை எடுத்துரைக்கிறது. சுலைமான் (அலை) செய்தது யாது? உடனே நம்பிப் படையெடுக்கவில்லை. பறவைதானே என்று புறக்கணிக்கவும் இல்லை. நீ கூறுவது மெய்யா பொய்யா என்று பார்ப்போம் என்று சொல்லி, கடிதம் ஒன்றைக் கொடுத்து அனுப்பிச் சோதித்தார். கண்டு அறிந்த ஒன்றும், ஆள்வோர் ஒருவரும், அவ்விருவருக்கும் இடையே சோதனை ஒன்றும் என்னும் இந்த மூன்றும் ஒருங்கே அமைந்த நிகழ்ச்சி அது.

இருபதாம் நூற்றாண்டில் இந்த மூன்றில் ஒன்று அடிக்கடி விடுபட்டுப் போயிற்று. பறவைகளையும் கொசுக்களையும் நோய்க் கிருமிகளையும் ஆராய்ந்த கல்விமான்களும், பகைவர் நோயைப் படைக்கலமாக்குவரோ என்று கணக்கிட்ட உளவுத் துறையினரும் கைகோத்தபோது, சோதனை விடுபட்டது. சந்தேகம் அவ்விடத்தில் வந்து அமர்ந்தது. அவ்வரலாற்றின் ஒரு பெரும்பகுதி நம் நாட்டிலேயே நிகழ்ந்தது. அதன் நடுவே நிறுத்தப்பட்டவர்களுள் ஒருவர் இந்திய முஸ்லிம் அறிஞர் டாக்டர் சாலிம் அலி.

1896இல் பம்பாயில் ஒரு போரா முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜியின் ஆதரவில் வளர்ந்தவர் அவர். சிறுவனாக இருந்தபோது தாம் சுட்டு வீழ்த்திய சிட்டு ஒன்றின் கழுத்தில் மஞ்சள் நிறம் கண்டு ஐயுற்று, அது என்ன பறவை என்று கேட்கப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார். 1883இல் நிறுவப்பட்ட அக்கழகமே பின்னர் அவரது வாழ்வாயிற்று. 1941இல் வெளிவந்த அவரது இந்தியப் பறவைகள் பற்றிய நூல் பல தலைமுறைகளுக்கு வழிகாட்டியது. அமெரிக்கப் பறவையியல் அறிஞர் டில்லன் ரிப்ளியுடன் இணைந்து அவர் எழுதிய இந்திய, பாகிஸ்தான் பறவைக் களஞ்சியம் 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. 1958இல் பத்மபூஷணும் 1976இல் பத்மவிபூஷணும் அவரைத் தேடி வந்தன. 1987இல் மறைந்தார்.

இத்தகையவர்மீது சந்தேகத்தின் நிழல் விழுந்தது எவ்வாறு? 1957இல் அன்றைய மைசூர் மாநிலத்தின் ஷிமோகா மாவட்டத்தில், கியாசனூர் என்னும் காட்டில் குரங்குகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. காட்டுக்கு விறகு பொறுக்கவும் ஆடுமாடு மேய்க்கவும் சென்றோர் கடுங்காய்ச்சலில் விழுந்தனர், இரத்தக்கசிவும் கண்டது. பூனாவில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ராக்பெல்லர் அறக்கட்டளையும் சேர்ந்து 1952இல் தொடங்கியிருந்த வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தார் ஆராய்ந்து, உண்ணிகள் வழியாகப் பரவும் புதிய வைரஸ் அது எனக் கண்டனர். அவ்வைரஸ் சைபீரியப் பகுதியில் காணப்படும் ஒரு மூளைக்காய்ச்சல் கிருமிக்கு நெருங்கிய உறவு எனத் தெரிந்ததும் ஒரு கேள்வி பிறந்தது. ஆண்டுதோறும் குளிர்காலத்தில் வடக்கிலிருந்து இந்தியாவுக்கு வரும் வலசைப் பறவைகள் தம் உடலில் ஒட்டிய உண்ணிகளோடு இந்நோயையும் கொண்டுவந்தனவோ?

இக்கேள்விக்கு விடை காணப் பறவைகளைப் பிடித்துக் காலில் எண்ணிட்ட வளையம் மாட்டி விடவேண்டும். இரத்தமும் உண்ணியும் எடுத்துச் சோதிக்கவேண்டும். அதற்கு ஆள் வேண்டும், வலை வேண்டும், பணம் வேண்டும். 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு சாலிம் அலி இதனைத் தொடங்கினார். அவ்வுதவி போதாதபோது வேறொரு கை நீண்டது. பாங்காக்கைத் தலைமையிடமாகக் கொண்டு, எலியட் மெக்லூர் என்னும் அறிஞரின் பொறுப்பில், ஆசியா முழுவதும் வலசைப் பறவைகளின் நோய்களை ஆராய்ந்த ஒரு திட்டத்தின் கை அது. 1963 முதல் 1971 வரை பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளுக்கு வளையமிட்ட அத்திட்டத்தின் பணப்பை அமெரிக்க இராணுவத்தினுடையது.

போர்வீரர் செல்லும் நாடுகளில் என்ன நோய் உண்டு என்று இராணுவம் அறிய விரும்புவது இயல்பே. ஆனால் அதே காலத்தில் அதே இராணுவம் மேரிலாந்து மாநிலத்து டெட்ரிக் கோட்டையில் நோய்க்கிருமிகளைப் படைக்கலமாக்கும் ஆராய்ச்சியும் நடத்திக்கொண்டிருந்தது. வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனம் 1963 முதல் பசிபிக் தீவுகளில் நடத்திய பறவை ஆய்வுக்குப் பணம் வந்தது அந்த டெட்ரிக் கோட்டையிலிருந்துதான் என்ற செய்தி 1969இல் அமெரிக்காவிலேயே வெளியாகிப் பெரும் சர்ச்சையாயிற்று. நாங்கள் செய்தது பறவையியல் மட்டுமே என்றது நிறுவனம். அந்நிறுவனத்தின் தலைமைச் செயலாளராக அப்போது இருந்தவர் யார்? சாலிம் அலியின் இணையாசிரியர் டில்லன் ரிப்ளியேதான். அவரோ இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க உளவுத் துறையின் தென்கிழக்காசியப் பிரிவில், இலங்கையில் இருந்தவாறு பணியாற்றியவர். ஒற்றர்கள் பறவை ஆய்வாளர்போல் வேடமிடுவது வழக்கம். இவரோ ஒற்றர் பதவியைப் பயன்படுத்திப் பறவை பார்த்தவர் என்று ஓர் அமெரிக்க இதழ் 1950இலேயே இவரைப்பற்றி வேடிக்கையாக எழுதியிருந்தது.

இவையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டபோது, நம் நாட்டுச் செய்தியாளர் சிலருக்கும் நாடாளுமன்ற உறுப்பினர் சிலருக்கும் ஐயம் எழுந்ததில் வியப்பில்லை. எந்தப் பறவை எந்த மாதத்தில் எங்கிருந்து எங்கே செல்கிறது என்ற விவரம், நோயைத் தடுப்போருக்கும் உதவும். நோயைத் தூதனுப்ப நினைப்போருக்கும் உதவும் அன்றோ?

ஐயம் உச்சத்தை எட்டியது 1974இல். தில்லியில், உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அமெரிக்க நிதியுதவியோடு ஒரு கொசு ஆராய்ச்சிப் பிரிவை நடத்திவந்தன. 1969இல் செய்யப்பட்ட ஒப்பந்தத்தின்படி அமைந்தது அது. ஆண் கொசுக்களை மலடாக்கி இலட்சக்கணக்கில் பறக்கவிட்டால், அவற்றோடு கூடும் பெண் கொசுவின் முட்டைகள் பொரியா. நாளடைவில் இனம் குன்றும் என்பதே அதன் அடிப்படை. யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுவைத் தில்லிச் சுற்றுக் கிராமங்களில் இவ்வாறு சோதித்துப் பார்த்தனர். அடுத்து, ஏடிஸ் எஜிப்டி என்னும் கொசுவை ஹரியானாவின் சோனிப்பட்டில் பெருமளவில் விட ஏற்பாடாயிற்று.

அப்போது பிரஸ் டிரஸ்ட் ஆப் இந்தியா செய்தி நிறுவனம் ஒரு கட்டுரை வெளியிட்டது. ஏடிஸ் எஜிப்டி மஞ்சள் காய்ச்சலைப் பரப்பவல்லது. இந்தியாவில் அக்கொசு உண்டு, அந்நோயோ இல்லை. நம்மிடம் இல்லாத நோயின் கொசுவைப் பற்றி அந்நியப் பணத்தில் இத்துணை நுணுக்கமாகத் தகவல் திரட்டுவது யாருக்காக? கட்டுரை எழுப்பிய கேள்வி நாடாளுமன்றத்தை எட்டிற்று. ஜோதிர்மய் பாசு தலைமையிலான பொதுக் கணக்குக் குழு, 1975 ஏப்ரலில் அளித்த தன் 167ஆவது அறிக்கையில், கொசுத் திட்டத்தோடு பம்பாய்க் கழகத்தின் பறவைத் திட்டத்தையும் சேர்த்துக் கடுமையாகக் கண்டித்தது. சோனிப்பட்டுச் சோதனை நடவாமலே நின்றது. அவ்வாண்டின் நடுவில் தில்லிப் பிரிவும் மூடப்பட்டது. உலக சுகாதார நிறுவனமும் ஆராய்ச்சியில் ஈடுபட்ட விஞ்ஞானிகளும் குற்றச்சாட்டை முற்றாக மறுத்தனர். உயிரியல் படைக்கலங்களைத் தடைசெய்யும் உலக உடன்படிக்கையை இந்தியா உறுதிசெய்ததும் அதே 1974இல்தான். அது நடைமுறைக்கு வந்தது 1975 மார்ச்சில்.

இனி இவ்வழக்கை நாம் எவ்வாறு தீர்ப்பது? இங்கே நம் முன்னோர் விட்டுச்சென்ற அளவுகோல் ஒன்றைக் கையில் எடுக்க விரும்புகிறோம். நபிமொழிகளைத் திரட்டிய இமாம்கள், செய்தியை மட்டும் பார்த்தாரில்லை. அது யாரிடமிருந்து யார் வழியாக வந்தது என்ற இஸ்னாத் தொடரையும் பார்த்தனர். அறிவிப்பாளரைக் குறைகூறுவதற்கும் நிறைகூறுவதற்கும் ஜர்ஹ், தஃதீல் என்று ஒரு தனிக் கலையையே வளர்த்தனர். அக்கலையின் விதிகளில் இரண்டு இவ்வழக்குக்கு நேராகப் பொருந்துவன.

முதலாவது, தத்லீஸ் பற்றியது. ஓர் அறிவிப்பாளர் உண்மையாளரே ஆயினும், தமக்கும் மூலத்துக்கும் இடையில் உள்ள ஒருவரின் பெயரை மறைத்து அறிவிக்கும் வழக்கம் உடையவராயின், தாம் நேரில் கேட்டதைத் தெளிவாகச் சொல்லும்வரை அவரது அறிவிப்பை நிறுத்திவைப்பர். அவர் பொய்யர் என்பதனால் அன்று. மறைப்பு இருக்குமிடத்தில் உறுதி இராது என்பதனால். இராணுவப் பணத்தை மறைத்து நடத்தப்படும் ஆராய்ச்சி இவ்வகைத்தே. பசிபிக் தீவுகளில் பறவைக்கு வளையமிட்டவர் நேர்மையானவராகவே இருந்திருக்கலாம். ஆனால் தொடரில் ஒரு கண்ணி மறைக்கப்பட்டது; அதனால் அவர் எண்ணிய பறவைகளின் கணக்கே ஐயத்துக்கு உள்ளாயிற்று.

இரண்டாவது விதி இதற்கு எதிர்ப்பக்கம் காவல் நிற்பது. நம்பகமானவர் என்று அறிஞர்கள் ஏற்ற ஒருவரைக் குறைகூறுவோர், காரணத்தை விளக்கிக் கூறவேண்டும். வெறுமனே அவர் பலவீனர் என்றால் ஏற்கப்படாது. சாலிம் அலியின் பறவைத் திட்டத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பது ஊரறிந்தது. தம் ஆய்வில் மறைவு ஏதுமில்லை என்பதே அவரது நிலை. அவர்மீது கூறப்பட்டதோ, அத்தகவல் தீயோருக்கு உதவக்கூடும் என்பது. உதவக்கூடும் என்பது வேறு. உதவினார் என்பது வேறு. முன்னதற்குக் கணக்குக் கேட்பது ஆட்சியின் கடமை. பின்னதைச் சான்றின்றிச் சொல்வது அவதூறு. அல்ஹுஜுராத் அத்தியாயம் இவ்விரண்டையும் அடுத்தடுத்து நமக்குக் கற்பிக்கிறது: வந்த செய்தியைத் தீர விசாரிக்கவேண்டும் என்று ஓரிடத்தில், ஊகத்தையும் துருவிப் பார்த்தலையும் விலக்கவேண்டும் என்று மற்றோரிடத்தில். ஊகத்தின் பேரில் ஒரு மனிதனையோ ஒரு சமுதாயத்தையோ சந்தேகிப்பது எவ்வளவு துன்பம் தருவது என்பதை நம் குடும்பங்களுக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. அதனாலேயே, நாம் பிறரைச் சந்தேகிக்கும் வேளையில் இவ்விதியை மறந்துவிடலாகாது.

கல்விமான் உளவுத் துறைக்கு உதவுவதே கூடாதோ என்று சிலர் கேட்கலாம். அவ்வாறு நாம் சொல்லவில்லை. 1979 ஏப்ரலில் சோவியத் நாட்டின் ஸ்வெர்ட்லோவ்ஸ்க் நகரில் அடைப்பான் நோயால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கெட்ட இறைச்சியால் வந்தது என்றது சோவியத் அரசு. இராணுவக் கூடத்திலிருந்து கிருமி கசிந்தது என்றது அமெரிக்க உளவுத் துறை. அத்துறை ஆலோசனை கேட்ட அறிஞர்களுள் ஹார்வர்டுப் பேராசிரியர் மேத்யூ மெசல்சன் ஒருவர். இறைச்சிக் காரணம் பொருந்தக்கூடியதே என்பது அப்போது அவர் கருத்து. 1992இல் ஒரு குழுவோடு நேரில் சென்று, இறந்தவர் ஒவ்வொருவரும் அந்நாளில் எங்கிருந்தார் என்று வீடுவீடாக விசாரித்து, வரைபடத்தில் குறித்தார். காற்று வீசிய திசையில், இராணுவக் கூடத்திலிருந்து நேர்கோடாக அப்புள்ளிகள் நின்றன. 1994இல் தம் பழைய கருத்துக்கு மாறான அம்முடிவை வெளியிட்டார். அதே மெசல்சன், 1981இல் அமெரிக்க அரசு லாவோஸ், கம்போடியா நாடுகளில் சோவியத் நச்சுமழை பெய்கிறது என்று குற்றஞ்சாட்டியபோது, அந்த மஞ்சள் துளிகளைச் சோதித்து, அவை காட்டுத் தேனீக்களின் எச்சம் என்று எடுத்துக் காட்டியவர். ஓரிடத்தில் தம் அரசு சொன்னது மெய் என்றார்; ஓரிடத்தில் பிழை என்றார். ஃபிக்ஹு இமாம்கள் சான்று கிடைத்ததும் தம் முந்தைய கருத்திலிருந்து மீண்டதை ருஜூஃ என்று சிறப்பித்துப் பேசுகிறோமே, அதன் சாயலை இங்கே காண்கிறோம்.

இதற்கு நேர்மாறான ஒருவரையும் சொல்லவேண்டும். 1937இல் சாலிம் அலியோடு ஆப்கானிஸ்தானில் பறவை தேடியவர் ரிச்சர்டு மைனெர்ட்ஸாகன் என்னும் ஆங்கிலேயர். முதல் உலகப் போரில் உளவு அதிகாரியாக இருந்தவர். 1917இல் பாலஸ்தீனப் போர்முனையில் பொய்க் காகிதப் பையொன்றைத் துருக்கியர் கையில் சிக்கவைத்து ஏமாற்றியதாகப் பெருமை பேசியவர். அவர் மறைந்து பல்லாண்டுகளுக்குப் பின், அருங்காட்சியகங்களிலிருந்து பறவைத் தோல்களைத் திருடி, பொய்யான இடமும் நாளும் எழுதி ஒட்டித் தம்முடையனவாகக் காட்டினார் என்பது வெளிப்பட்டது. அவற்றுள் ஒன்று, 1884க்குப் பின் எவரும் கண்டிராத ஒரு சிற்றாந்தை. தாம் 1914இல் குஜராத்தில் பிடித்ததாக அவர் எழுதிவைத்த பொய்யை நம்பியோர் தேடும் இடம் தவறினர். அப்பொய்யை ஒதுக்கிவிட்டு, மெய்யான பழைய குறிப்புகளின் வழியே சென்றவர்களுக்கு 1997இல் மஹாராஷ்டிரத்தில் அந்த ஆந்தை உயிரோடு காட்சி தந்தது. பகைவனை ஏமாற்றப் பழகிய கை, நண்பனையும் கல்வியையும் ஏமாற்ற நெடுநாள் ஆகாது போலும்.

நம் நாட்டுச் சந்தேகத்தின் விளைவையும் எண்ணிப் பார்ப்போம். நன்மையும் உண்டு, இழப்பும் உண்டு. அந்நிய உதவியோடு நடக்கும் மருத்துவ ஆராய்ச்சிகளை அரசுக் குழு முன்கூட்டி ஆய்ந்து ஒப்புதல் தரும் முறை இன்று நிலைபெற்றுள்ளது. தில்லிப் பிரிவு மூடிய அதே 1975இல், நம் விழுப்புரத்துக்குக் கிழக்கே புதுச்சேரியில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் தொடங்கிற்று. இழப்போ, நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலேயே இருக்கிறது. சோனிப்பட்டில் ஆராயவிருந்த அதே ஏடிஸ் எஜிப்டிதான் இன்று மழைக்காலந்தோறும் டெங்குக் காய்ச்சலை நம் தெருக்களுக்குக் கொண்டுவருவது. மஞ்சள் காய்ச்சலைப் பற்றிய அச்சத்தில், அக்கொசுவின் மற்றொரு கொடுமை கண்ணில் படாமற் போயிற்று.

பறவைக் கணக்கும் அவ்வாறே. சைபீரியாவிலிருந்து பறவைகள்தாம் கியாசனூர் நோயைக் கொணர்ந்தன என்பது நிறுவப்படவில்லை. ஆனால் 2006 பிப்ரவரியில் மஹாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் முதன்முதலாக இந்தியக் கோழிப்பண்ணைகளைத் தாக்கியபோது, எந்தப் பறவை எவ்வழியே வருகிறது என்பதைச் சொல்ல அந்தப் பழைய வளையக் கணக்குகளே கைகொடுத்தன. வேடந்தாங்கலையும் கோடியக்கரையையும் அறிந்த நமக்கு, 2021இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட நம் மாவட்டத்துக் கழுவேலியும் அவ்வழியில் ஒரு தங்குமிடம் என்பது பெருமை தருவது.

கதை முடிந்ததா? இல்லை. நாகாலாந்தின் மிமி கிராமத்தில் வௌவால் வேட்டையாடும் மக்களிடமும் வௌவால்களிடமும் எபோலா வகைக் கிருமிகளுக்கான எதிர்ப்பொருள் உண்டா என்று ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2019 அக்டோபரில் வெளிவந்தது. ஆய்வில் முன்னின்றது பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையம். பணம் தந்தோருள் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஒரு முகமை. ஆசிரியர் பட்டியலில் சீனத்து வூஹான் நிலையத்தார் இருவர். 2020 பிப்ரவரியில், அனுமதி முறையாகப் பெறப்பட்டதா என்று விசாரணை நடப்பதாகச் செய்தி வந்தது. மாதிரிகள் நாட்டை விட்டு வெளியே செல்லவில்லை என்று மையம் விளக்கமளித்தது. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் கேள்விகள் மாறவில்லை: பணம் யாருடையது? தகவல் யாரிடம் சென்றது? கிராமத்தாருக்கு முழுமையாகச் சொல்லப்பட்டதா?

திண்டிவனத்திலும் செஞ்சியிலும் விழுப்புரத்திலும் இன்று நம் பெண்பிள்ளைகளும் ஆண்பிள்ளைகளும் உயிரித் தொழில்நுட்பம் பயில்கின்றனர். நாளை அவர்களுள் ஒருவர் ஆய்வுக்கூடத்தில் நிற்கும்போது, ஏதோ ஓர் அரசின் ஏதோ ஒரு துறை பணத்தோடு வந்து நிற்கலாம். அஞ்சி விலகவேண்டும் என்றோ, மகிழ்ந்து ஏற்கவேண்டும் என்றோ நாம் கூறமாட்டோம். கற்ற கல்வி ஓர் அமானத். அதன் இஸ்னாத்தை மறைவின்றி எழுதிவைக்கவேண்டும் என்றே கூறுவோம். எவரிடம் பெற்றோம், எவருக்குக் கொடுத்தோம், எதற்காக என்று மூன்று வரி. அந்த மூன்று வரியை வெளிப்படையாக எழுத இயலாத பணி, செய்யத்தக்க பணி அன்று.

ஹுத்ஹுத் தன் அரசன் முன் நின்றபோது, எங்கிருந்து வருகிறேன் என்பதைத்தான் முதலில் சொன்னது.